முடிக்கத் தெரியாத பேண்டு

சென்னை
18 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பெலிக்ஸ் எழுதுகிறேன். உறையைத் திருப்பிப் பார்க்காமலே கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பாய். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால், நான் "அக்கா" என்று ஆரம்பித்ததும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். ஆவூர் கிளைத் தபால் நிலையத்துக்கு வருகிற கடிதத்தை அதன் போஸ்ட் மாஸ்டரே வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று ஒரு நம்பிக்கை.

சண்டையைப் பற்றி எழுதப் போவதில்லை. இது ஒரு அழைப்பு.

வருகிற ஜனவரி 25, 26, சனி ஞாயிறு இரண்டு நாளும் புதுச்சேரியில் கடலோரமாக ஒரு ஜாஸ் விழா நடக்கிறது. கோவாவிலிருந்து ஆறு பேர் குழு ஒன்று வருகிறது. முப்பது வருஷமாகச் சேர்ந்தே வாசிக்கிறவர்கள். கொல்கத்தாவிலிருந்து எழுபது வயதுப் பாடகி ஒருவர், ஷில்லாங்கிலிருந்து இரண்டு கிடார்காரர்கள், பிரான்ஸிலிருந்து மூன்று பேர். எங்கள் ஐந்து பேர் குழுவும் சனிக்கிழமை வாசிக்கிறது.

விழாவை நடத்துகிறவர் சத்யபிரியா. போன வாரம் அவருக்கு என் போனில் இருந்த ஒரு பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். நம் பேண்டு செட் 2019 தேருக்கு வாசித்தது. முழுசாகக் கேட்டார். திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டார். "இவங்கள்லாம் எங்க இருக்காங்க?" என்றார். எங்கள் ஊர், என் அக்கா நடத்துகிற பேண்டு என்றேன். "ரெண்டு வருஷமா என்கூடப் பழகுறீங்க. ஒரு நாள்கூடச் சொல்லலையே?" என்று கேட்டார்.

ஞாயிறு மாலை, கோவா குழுவுக்கு முன்னால், நாற்பது நிமிஷம் உங்களுக்கு. வருவீர்களா?

ஊரில் நான் தேரை நிறுத்தியவன். அந்தப் பெயர் அப்படியேதான் இருக்கிறது என்று தெரியும். அதனால் உங்களோடு மேடை ஏற மாட்டேன், பயப்படாதே. கீழே நின்று கேட்பேன்.

உன் தம்பி
பெலிக்ஸ்


ஆவூர்
25 நவம்பர் 2024

தம்பி பெலிக்ஸுக்கு,

கடிதம் வந்தது. முத்திரை குத்தி எனக்கு நானே பட்டுவாடா செய்துகொண்டேன். இந்த ஆபீஸுக்கு பேங்க் நோட்டீஸும் ஆதார் அட்டையும்தான் வருகின்றன. மனுசன் கையால் எழுதின கடிதம் வந்து வெகுநாள் ஆயிற்று. அதற்காக மட்டும் பதில் எழுதுகிறேன்.

சண்டையைப் பற்றி எழுதப் போவதில்லை என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். நான் எழுதுகிறேன். தேர் மேலத்தெரு மூலையில் திரும்பும்போது வடம் பிடிக்கிறவர்கள் கண்ணால் பார்த்து இழுப்பதில்லை, காதால் கேட்டு இழுக்கிறார்கள். பெரிய டிரம்மில் ராக்கன் அண்ணன் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பு. சின்னப் பையனாக, கிலுகிலுப்பை மாதிரி மரக்காஸ் குலுக்கின காலத்திலிருந்தே உனக்கு அது தெரியும். தெரிந்தும் 2022 தேரில் அந்த மூலையில் பாட்டை விட்டுவிட்டு உன் இஷ்டத்துக்கு எங்கேயோ பறந்துபோனாய். தேர் நின்றது. இருபது நிமிஷம் மாதா நட்டநடுத் தெருவில் வெயிலில் நின்றாள். ஊரே பார்க்க உன் கையிலிருந்த ட்ரம்பெட்டைப் பிடுங்கினேன். மறுநாள் காலையில் நீ பஸ் ஏறிவிட்டாய்.

அதைக்கூட விட்டுத்தள்ளலாம். போன வருஷம் பேப்பரில் உன் பேட்டி வந்ததே, அதை வெட்டி வைத்திருக்கிறேன். "நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பழைய ஜாஸ் ரெக்கார்டுகளைக் கேட்டே வளர்ந்தேன்." அடேயப்பா! நம் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் எந்த மூலையில் இருந்தது? நானும் தேடித் தேடிப் பார்க்கிறேன். பத்துப் பேர் நடுவில் நின்று, ஆள் ஆளுக்குத் தலையில் குட்டு வாங்கி, கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஊதி ஊதி உதடு வெடித்துக் கற்றுக்கொண்டவன் நீ. அந்தப் பத்துப் பேரும் பேட்டியைப் படித்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்துக்கு அளவில்லை.

வருவதற்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஊர் பெயரோடு, பத்துப் பேர் பெயரும் அச்சில் வர வேண்டும். நீ எங்கே வாசிக்கக் கற்றுக்கொண்டாய் என்பதும் உன் பெயருக்குக் கீழே வர வேண்டும். அது இல்லாமல் ஒரு காலடி எடுத்து வைக்க மாட்டோம். சனிக்கிழமை குன்றாண்டார்கோவிலில் கல்யாணம், வாக்குக் கொடுத்தாயிற்று. ஞாயிறு என்றால் சரி.

அருள்ராணி


சென்னை
2 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பேட்டி எடுத்தவர் மாற்றி எழுதிவிட்டார் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அரைப் பக்கம் எழுதியும்விட்டேன். கிழித்துப் போட்டேன்.

நான்தான் அப்படிச் சொன்னேன். எங்கள் குழுவில் பியானோ வாசிக்கிறவன் அமெரிக்காவில் படித்தவன். டிரம்ஸ் வாசிக்கிறவனின் அப்பா சினிமா இசைக் கலைஞர். எங்கே கற்றுக்கொண்டாய் என்று பேட்டியில் கேட்டபோது இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள். கல்யாண பேண்டு என்று சொல்ல நாக்கு வரவில்லை. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள், அக்கா. நான்தான் அற்பமாக நினைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்டதெல்லாம் நடக்கும். சத்யபிரியாவிடம் பேசிவிட்டேன்.

அவர் ஒரு விவரம் கேட்கிறார். எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம், ஒவ்வொன்றும் எப்படி முடியும்? முடிகிற இடம் தெரிந்தால்தான் விளக்கை இறக்குவார்கள், அடுத்த குழுவைத் தயார் செய்வார்கள். சாதாரணமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். பதில் எழுதப் போனபோதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் உங்களோடு வாசித்திருக்கிறேன். நம் பாட்டு எதுவும் எப்படி முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

பெலிக்ஸ்


ஆவூர்
16 டிசம்பர் 2024

தம்பிக்கு,

எப்படி முடியும் என்று ஒரு கேள்வியா? தேர் நின்றால் முடியும். மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்தால் முடியும். குழி மூடினால் முடியும். இதை அந்தம்மாவிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்.

இப்படிக் கெத்தாக எழுதிவிட்டேனே தவிர, விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் பத்துப் பேரும் கூடினோம். நடக்காமல், நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாதா பாட்டை எடுத்தோம். ஆறு நிமிஷத்தில் முடிப்பது என்று பேச்சு. ஆறு நிமிஷம் ஆனதும் நான் சாக்ஸபோனை இறக்கினேன். கிளாரினெட் ஸ்வீட்டி என்னைப் பார்த்து இறக்கினாள். யூபோனியம் ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தான். அவன் ஊதுவதைப் பார்த்து ஸ்வீட்டி மறுபடி எடுத்தாள். நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் எடுத்தேன். இப்படியே இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. "எண்ணே, நிறுத்துங்கண்ணே!" என்று ராக்கன் அண்ணனிடம் கத்தினேன். "எங்கிட்டுத்தா நிறுத்துறது? இன்னும் எங்கயும் போய்ச் சேரலையே" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

நீ ஸ்வீட்டியின் போனுக்கு அனுப்பிய ஜாஸ் முடிவுகளை அவள் போட்டுக் காட்டினாள். டட்டடாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டி நிறுத்துகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு வரவில்லை. ஒரு வாரமாக முயற்சி செய்கிறோம், யாராவது ஒருவர் மிச்சம் வாசித்துவிடுகிறார்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. ஊர் பெயரை அச்சடித்து ஒட்டிவிட்டு, அத்தனை பெரிய வித்வான்கள் நடுவில் முடிக்கத் தெரியாமல் முழித்தால் என்ன ஆகும்? அதற்கப்புறம் மாதா தேருக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? பேர் கேட்டு அடம்பிடித்தவளே நான்தான்.

அருள்ராணி


சென்னை
10 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தோடு நிகழ்ச்சி நிரலின் அச்சுப்பிரதியை வைத்திருக்கிறேன். முதலில் வந்த பிரதியில் "பெலிக்ஸும் கிராமத்து பேண்டும்" என்று போட்டிருந்தார்கள். அதை உன் கண்ணில் காட்டாமலே குப்பையில் போடவைத்தேன். இப்போது ஒன்பதாவது பக்கத்தைப் பார். "ஆவூர் புனித செசிலியா பேண்டு செட், புதுக்கோட்டை மாவட்டம்." பத்துப் பேர் பெயரும் வாத்தியத்தோடு இருக்கிறது. கோவா குழுவுக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவு.

நான்காவது பக்கத்தில் என் பத்தி. அதை நானே எழுதினேன். நீ பார்க்கும் முன்னால் இங்கேயும் எழுதிவிடுகிறேன்: "பெலிக்ஸ் ஆவூர் பேண்டு செட்டில் பத்து வயதில் மரக்காஸ் வாசிக்க ஆரம்பித்தார். தேர், திருமணம், இறுதி ஊர்வலம் மூன்றிலும் பதினேழு வருஷம் வாசித்துக் கற்றுக்கொண்டார். ஜாஸ் அதன் பிறகு வந்தது." பியானோக்காரன் படித்துவிட்டு, "மூணுலயும் வாசிச்சிருக்கியா? நான் எதுலயும் வாசிச்சதில்லையேடா" என்று பொறாமைப்பட்டான். எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

முடிவைப் பற்றிக் கவலைப்படாதே. நான் மேடைக்கு எதிரில் நின்று, நேரம் ஆனதும் கையைத் தூக்குகிறேன். அதைப் பார்த்து நிறுத்திவிடுங்கள்.

பெலிக்ஸ்


ஆவூர்
17 ஜனவரி 2025

தம்பிக்கு,

நாலாம் பக்கத்தையும் ஒன்பதாம் பக்கத்தையும் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் சேமிப்புத் திட்ட அறிவிப்புக்கு மேலே ஒட்டிவிட்டேன். விதிப்படி தப்புதான். இன்ஸ்பெக்டர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பணம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற மலையாண்டி அண்ணன் வந்தார். உன் பத்தியை இரண்டு தரம் படித்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

நீ கையைத் தூக்கினால் நாங்கள் பார்க்க மாட்டோம். வாசிக்கும்போது எங்களில் யாரும் கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஞாயிறு காலையில் முதல் பூசை பார்த்துவிட்டு வேன் கிளம்பும். வாரோம்.

அருள்ராணி


சென்னை
28 ஜனவரி 2025

அக்கா,

ஏன் என்னிடம் பேசாமல் போனாய்?

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றிருந்தேன், கேட்டுவிட்டேன். இனி மேடையிலிருந்து உனக்குத் தெரியாததை எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் பத்துப் பேரும் நிஜமாகவே கூட்டத்தைப் பார்க்கவில்லை.

அரக்குச் சட்டையும் தங்கக் கயிறுமாக நீங்கள் ஏறியபோது பின்வரிசையில் சிலர் கல்யாண பேண்டு என்று சிரித்தார்கள். முதல் பாட்டில் ஜெரால்டின் யூபோனியம் அடிக்குரலில் எழுந்து வந்ததே, அப்போது சிரிப்பு நின்றது. உன் சாக்ஸபோன் அதன்மேல் ஏறியபோது கொல்கத்தா அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "யாரு இந்தப் பொண்ணு?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். என் அக்கா என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு இருந்த கர்வத்தை எழுதத் தெரியவில்லை.

நாற்பதாவது நிமிஷம் மேடை ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நீங்கள் பார்க்கவில்லை. கையைத் தூக்கினேன். பார்க்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் நடனம் என்று நினைத்து அவர்களும் கையைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தார்கள். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. கோவா குழு வாத்தியங்களோடு படியருகே வந்து நின்றுவிட்டது. சத்யபிரியா ஓடிவந்து, "எப்படி பெலிக்ஸ் நிறுத்துறது?" என்றார். "நிறுத்த முடியாதுங்க. எங்கயாவது போய்ச் சேந்தாத்தான் நிக்கும்" என்றேன்.

அப்போதுதான் நீ தலையைத் திருப்பி மேடைப் படியைப் பார்த்தாய். நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஓடிப்போய் நாற்காலிகளை விலக்க ஆரம்பித்தேன்.

வாசித்துக்கொண்டே இறங்கினீர்கள். ராக்கன் அண்ணன் பெரிய டிரம்மோடு ஒவ்வொரு படியாக, ஒரு அடியும் பிசகாமல் இறங்கினார். புல்வெளியில் ஐந்நூறு பேர் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். யாரும் சொல்லாமலே பின்னால் நடந்தார்கள். கோவா டிரம்ஸ்காரர் ஒரு சிம்பலை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஸ்வீட்டி பக்கத்தில் சேர்ந்துகொண்டார். வாசலைத் தாண்டி, கடற்கரைச் சாலையில் நம் வேன் நின்ற இடம் வரைக்கும் போனீர்கள். கையில் டீ கிளாஸோடு நின்றிருந்த டிரைவர், ஏதோ ஊர்வலம் வருகிறது என்று மரியாதையாக வேன் கதவைத் திறந்துவிட்டார். கதவு முன்னால் ராக்கன் அண்ணன் ஒரே ஒரு அடி அடித்தார். பத்துப் பேரும் ஒன்றாக நின்றீர்கள். அத்தனை நாள் பயிற்சி செய்தும் வராத முடிவு!

கைதட்டல் எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியாது, நீ அதற்குள் ஏறிவிட்டாய். கோவா குழுத் தலைவர் மேடைக்குப் போய் மைக்கில், "இதுக்கு அப்புறம் நாங்க வெறும் ஆறு பேரு, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். அடுத்த வருஷமும் நீங்கள் வர வேண்டும் என்று சத்யபிரியா கேட்கச் சொன்னார். விழாவைக் கடைசியில் முடித்துவைப்பது நீங்கள்தானாம்.

வேன் கிளம்பும்போது ஒன்பது பேர் எனக்குக் கை காட்டினார்கள். நீ காட்டவில்லை. நீ கேட்டபடி எல்லாம் செய்தேன். இன்னும் என்ன கோபம்?

பெலிக்ஸ்


ஆவூர்
4 பிப்ரவரி 2025

பெலிக்ஸ்,

உன்மேல் கோபம் இல்லை. வேனில் ஏறி உட்கார்ந்து வெகுதூரம் வரைக்கும் அழுதேன். பாதி பெருமையில். மீதி எதனால் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு தாள் வீணாகிவிட்டது, இது ஐந்தாவது.

2022 தேர் உன்னால் நிற்கவில்லை.

நீ பஸ் ஏறிப் போன அன்றைக்கு மத்தியானம் மலையாண்டி அண்ணன் ஆபீஸுக்கு வந்தார். "நாந்தான்த்தா கட்டையை ஒரு சாண் தள்ளிப் போட்டுட்டேன். அது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல மாட்டிக்கிருச்சு. அத உருவத்தான் அவ்வளவு நேரம். தம்பி மேல பழி போகுது, எனக்கு மனசு கேக்கல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்." பார்த்துக்கொண்டேன், இரண்டே முக்கால் வருஷம். அவர் என்னை நம்பி வாயைத் திறக்கவில்லை. ராக்கன் அண்ணன் அன்றைக்கு ஒரு அடிகூடத் தவறவிடவில்லை. அது என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஊர் பார்க்கப் பிடுங்கிவிட்டேனே, தம்பி. பிடுங்கினது தப்பு என்று எப்படிச் சொல்வது? அதனால் நீயே தப்பாக இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன். பேட்டி வந்தபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. உன்மேல் கோபப்பட ஒரு நிஜமான காரணம் கிடைத்ததே.

அச்சில் பெயர் போட்டால்தான் வருவேன் என்று உன்னிடம் அடம்பிடித்தேன். நீ எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிப் போட்டுவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் நாற்காலிகளை விலக்கிக்கொண்டே போனாய். உன் கையில் ட்ரம்பெட் இல்லை. என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நேற்று முன்தினம் பூசை முடிந்து திருவிழாக் கமிட்டி கூடியது. பேண்டுக்கு மாலை போட்டார்கள். பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, இப்போது உனக்கு எழுதியதை அப்படியே சாமியார் முன்னால், ஊர் முன்னால் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். பின்னாலிருந்து மலையாண்டி அண்ணன் எழுந்தார். "அந்தக் கட்ட மாட்டுனப்ப நான் தேருக்கு அடியில கெடந்தேங்க. மேல அச்சு, பக்கத்துல சக்கரம். அந்தத் தம்பி ஊதுறதக் கேட்டுக்கிட்டேதான் கட்டைய உருவிக்கிட்டு இருந்தேன். அது நடுவுல நின்னப்ப நான் பயந்தே செத்துருப்பேன்" என்றார்.

இதை நான் இதுவரை கேட்டதில்லை. அவர் சொல்லி முடித்ததும்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் உன் கையிலிருந்து பிடுங்கினபோது அவர் இன்னும் அடியில்தான் இருந்திருக்கிறார்.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. வேறு வார்த்தையும் இல்லை. மன்னித்துக்கொள்.

இந்த வருஷத் தேருக்கு வா. ஜெரால்டுக்கும் ஸ்வீட்டிக்கும் நடுவில் உன் இடத்தை விட்டே நிற்கப் போகிறோம். மேலத்தெரு மூலை வந்ததும் நாங்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறோம். நீ அங்கிட்டுப் போவியோ, இங்கிட்டுப் போவியோ, மனசுக்குத் தோணுகிற மட்டும் வாசி.

தேர் நின்னா நிக்கட்டும்.

உன் அக்கா
அருள்ராணி